தலைப்பு வரிக்கு வந்த சம்பந்தங்கள்

எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, திண்டுக்கல் நாகல் நகரில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற ஒரு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என்று நினைக்கிறேன். கீழே மில் ஓட ஆரம்பித்தால் மேலே மேஜை அதிரும். மவுஸ் தானாகவே ஓரத்துக்கு நகர்ந்து போகும். மிளகாய் அரைக்கிற நாளில் கம்பெனி முழுவதும் தும்மும். முழுவதும் என்றால் மூன்று பேர். பாதி நாள் மதுரையில் இருந்த முதலாளி, புரோகிராம் எழுதுகிற அண்ணன், பிறகு நான்.

அந்த அண்ணனுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். கம்ப்யூட்டரிடம்கூட மரியாதை குறையாமல்தான் பேசுவார். ஏதாவது நின்றுபோனால் திரையைப் பார்த்து, "ஏனுங்க இப்படிப் பண்றீங்க" என்று வருத்தப்படுவார். அவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. எங்கள் அம்மாவிடம் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "தப்பு பாக்குற வேலையில இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்கத் துணியவில்லை.

செம்பட்டியில் திருமணத் தகவல் மையம் நடத்தி வந்த ஒருவர் எங்களிடம் வந்தார். இருபது வருஷமாக நீள நீள நோட்டுகளில் பெண், மாப்பிள்ளை விவரங்களை எழுதி வைத்திருந்தவர். அதையெல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றவேண்டும், வாரம் ஒரு தடவை பட்டியலை அச்சடித்துப் பதிவு செய்த வீடுகளுக்குத் தபாலில் அனுப்பவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தப்பு வரக்கூடாது. இது கல்யாண விஷயம்.

அண்ணன் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திரையில் செய்து கொடுத்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், நிறம், வேலை, ஊர், போன் என்று இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொரு தடவையும் இருபத்திரண்டையும் நான் கையால் நிரப்பி, பொத்தானை அழுத்தி, சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்கவேண்டும். அண்ணன் ஒரு தப்பைத் திருத்தினால் முதலிலிருந்து மறுபடி. இரண்டு வாரத்தில் எனக்குக் கொஞ்சம் புத்தி பிசகியது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன வைக்க என்று கேட்டபோது, அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பணுமா என்று நான் கேட்டதாக அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அப்போதுதான் அண்ணன், ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் எழுதும் முறையை ஒரு கத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். நிரப்புகிற வேலையை ஒரு ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளும். ஒரு எக்செல் தாளில் ஆட்களின் விவரத்தை எழுதி வைத்துவிட்டால் போதும். ஒரு வரி ஒரு ஆள். மேலிருந்து கீழே போகிற ஒரு பத்தி ஒரு கேள்வி. ஸ்கிரிப்ட் அந்தத் தாளைத் திறந்து, முதல் ஆளை எடுத்து, கட்டம் கட்டமாகப் படித்துப் படிவத்தில் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த ஆளுக்குப் போகும். ஒரு வாரம் முட்டி மோதி எழுதினேன். முதல் தடவை அது ஓடியபோது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் எழுத்துகள் தானாக விழுந்துகொண்டிருந்தன. பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முதல் ஓட்டத்தில் பதிவான முதல் ஆளின் பெயர் 'நேம்'. தகப்பனார் பெயர் 'ஃபாதர் நேம்'. தாளின் உச்சியில், எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த தலைப்பு வரியையும் ஸ்கிரிப்ட் ஒரு ஆளாக எண்ணிவிட்டது. நானும் அண்ணனும் தும்மலை மறந்து சிரித்தோம். பிறகு முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து படி என்று ஸ்கிரிப்டில் ஒரு திருத்தம் போட்டேன். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

சோதனைக்காக ஏஏஏ, பிபிபி என்று பெயர்களைப் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் செம்பட்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஏஏஏ எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேட்டார். விளக்கினேன். அவருக்குத் திருப்தி இல்லை. மனுஷர்கள் மாதிரி இருந்தால்தான் தப்பு தெரியும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மனுஷர்கள் மாதிரி அறுபது பேருக்கு நான் எங்கே போவேன்?

அப்பாவிடம் போனேன்.

அப்பா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கணக்கு வாத்தியார். என் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அறுபது கற்பனை ஆட்களின் விவரம் வேண்டும் என்று சொல்லி, தாளை எப்படி நிரப்புவது என்று காட்டிவிட்டுப் போனேன். இரண்டு நாளில் முடித்துவிட்டார். பார்த்தால் அறுபது பேரும் எங்கள் சொந்தக்காரர்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள், எல்லாருக்கும் நிஜமான பிறந்த தேதி, நிஜமான ஊர், நிஜமான போன் நம்பர். கற்பனையாக எழுதச் சொன்னேனே அப்பா என்றேன்.

"இல்லாத நம்பரைப் போட்டா அது யாராச்சும் ஒருத்தர் வீட்டு நம்பரா இருக்கும்மா. அவுகளுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார்.

பட்டியலில் நானும் இருந்தேன். மற்றவர்களை மட்டும் போட்டுவிட்டு வீட்டு ஆளை விட்டால் நன்றாக இருக்காது என்பது அப்பாவின் எண்ணம். திருமண நிலை என்ற பத்தியில் முதல் மணம், துணையை இழந்தவர், மணமுறிவு என்று மூன்றுதான் இருந்தன. யாரையும் சாகடிக்க மனம் வராமல் எல்லாருக்கும் முதல் மணம் என்று போட்டிருந்தார். இதெல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கிற, தளத்தின் சோதனைப் பிரதிக்குள்தானே போகப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கிரிப்டை ஓட்டினால் பிறந்த தேதிக்குப் பதிலாக ஐந்து இலக்க எண் வந்து விழுந்தது. அப்பா பிறந்த தேதி பதினேழாயிரத்துச் சொச்சம். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருஷத்தின் முதல் நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணித்தான் வைத்திருக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்தார். வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா பழைய விடைத்தாள் ஒன்றின் முதுகில் தன் பிறந்த நாள்வரை கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். ஒரு நாள் இடித்தது.

"உங்க எக்செலு ஒரு நாள் கூட எண்ணியிருக்கு. 1900-ல ஏது பிப்ரவரி இருபத்தொம்போது? அது லீப் வருஷமே இல்ல."

அண்ணன் விசாரித்ததில் அப்பா சொன்னது சரியாக இருந்தது. எக்செல் அந்த இல்லாத நாளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டு வருகிறதாம். ஸ்கிரிப்டில் தேதியை எழுத்தாக மாற்றிப் படிக்கும்படி செய்துவிட்டோம். வேலை நடந்தது. ஆனால் அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர் ஒன்று சொன்னால் அதை அப்படியே கேட்கவேண்டியதில்லை.

கடைசியில் செம்பட்டிக்காரருக்கு எல்லாம் நடத்திக் காட்டுகிற நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்த எக்செல் தாளை ஒரு பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோய், பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். காலையில் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும். தப்பு பார்க்கிறதுதானே என் வேலை.

கம்பெனியில் அண்ணன் தன் பங்குக்கு இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, வருகிறவர் சந்தோஷப்படட்டும் என்று தாளின் உச்சியில் புதிதாக ஒரு வரியைச் செருகி, அதில் மையத்தின் பெயரைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டார். இரண்டாவது, சோதனைப் பிரதியில் ஓட்டாமல் அவருடைய நிஜத் தளத்திலேயே ஓட்டும்படி ஸ்கிரிப்டில் இருந்த தள முகவரியை மாற்றினார். "அவருக்கு அவரோட எடத்துல காட்டுனாத்தானுங்க நம்பிக்கை வரும். காட்டிப்போட்டு அழிச்சுக்கலாமுங்க" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

செம்பட்டிக்காரர் வந்தார். கீழே மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டேன். படிவம் தானாக நிரம்புவதையும் பொத்தான் தானாக அமுங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தார். யார் தட்டுவது என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆட்கள் மளமளவென்று வந்து போனார்கள். ஒரு ஆளுக்கு மூன்று விநாடி. பெயரைப் படிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். முடிந்ததும் அவர் கண்ணில் தண்ணீர். ஆனந்தமா மிளகாயா என்று தெரியவில்லை. மூவரும் புரோட்டாக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவர் செம்பட்டி பஸ் ஏறினார். பதிவானதை அண்ணன் அழித்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் அழித்திருப்பேன் என்று அண்ணன் நினைத்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, செம்பட்டியிலிருந்து வாரப் பட்டியல் அச்சாகி வழக்கம்போலத் தபாலில் போனது.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு போன். நிலக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா பேசினார். எங்கள் அத்தையின் பெயரைச் சொல்லி, அவுக வீடுதானே என்று கேட்டிருக்கிறார். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அறுபத்தொரு வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மாமாவோடு கொடைரோட்டில் இருந்தார். எங்கள் அம்மா வெள்ளந்தியாக, அவுக இருப்பது கொடைரோட்டில், ஆனால் நாளைக்குத் தன் அண்ணன் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை விழா, அதற்கு இங்கேதான் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நாளைக்குச் சாயங்காலம் வந்து பார்க்கலாமா என்று கேட்டார் அந்த நிலக்கோட்டை அம்மா. தாராளமாக வாங்க என்று அம்மா சொல்லிவிட்டார். ரயில்பாதை நெடுக அத்தைக்குப் பழக்கக்காரர்கள் உண்டு. அவர்களில் யாரோ என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையும் மதிய விருந்தும் முடிந்து, அத்தை பட்டுச்சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்திருந்தார். மாமா மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு அம்மா, ஒரு ஐயா, ஒரு பெண், ஒரு இளைஞர் இறங்கினார்கள். கையில் ஆப்பிள், மல்லிகைப் பூ, ஒரு ஸ்வீட் பெட்டி. இளைஞர் புதுச் சட்டை போட்டிருந்தார். காலரில் மடிப்பு அட்டையின் அச்சுகூட இன்னும் போகவில்லை.

அம்மா அவர்களை அத்தையின் பழக்கம் என்று நினைத்து உட்காரச் சொன்னார். அத்தை அவர்களை அம்மாவின் பழக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அவர்கள் அத்தையைப் பெண்ணுக்குத் தாய் என்று எடுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் நன்றாகப் பேசினார்கள். அம்மா முறுக்கை எடுத்து வைத்தார். நான் காபி கொண்டுபோனேன். இளைஞர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். இவுக தங்கச்சியா என்று அந்த அம்மா கேட்டார். யாருக்குத் தங்கை என்று எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் மகள் என்று அம்மா பொதுவாகச் சொல்லி வைத்தார்.

கடைசியில் அந்த அம்மா, நல்ல நேரம் போறதுக்குள்ள பொண்ணை வரச் சொல்லுங்க என்றார்.

எந்தப் பெண்ணை என்று அம்மா கேட்டார். அவர் அத்தையின் பெயரைச் சொன்னார்.

"நாந்தேன்" என்றார் அத்தை. காலை முக்காலியிலிருந்து இறக்கினார். "சொல்லுங்க. உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

இளைஞரின் முறுக்கு பாதி வழியில் நின்றது. அவருடைய அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அத்தையின் பெயரை முதலில் படித்தார். பிறகு, வயது இருபத்திமூன்று, படிப்பு எம்.எஸ்சி., உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், சாஃப்ட்வேர் வேலை, முதல் மணம் என்று குரல் இறங்கிக்கொண்டே போகப் படித்து முடித்தார். அத்தை ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார்.

"ஒசரம் சரி" என்றார். "மத்ததெல்லாம் எதுக்கும் விசாரிச்சுக்கங்க."

மூலையில் மாமா பேப்பரைத் தாழ்த்தினார். ரயில்வேயில் முப்பது வருஷம் அதிகம் பேசாமலே இருந்தவர் அவர். "பொண்ணுக்குச் சம்மதம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

முதலில் சிரித்தது அந்த இளைஞர்தான். முறுக்கு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். கூட வந்திருந்த அக்கா, தம்பியின் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். நான் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். செம்பட்டி மையத்தின் வாரப் பட்டியல். எங்கள் சொந்தக்காரர்கள் அறுபது பேரும் அதில் இருந்தார்கள், அகர வரிசையில். அத்தை பெயருக்கு நேரே என் வயது, என் படிப்பு, எங்கள் வீட்டு போன். கீழே தேடினேன். என் பெயருக்கு நேரே வயது அறுபத்தொன்று, ஊர் கொடைரோடு, முதல் மணம்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர்கள் தாறுமாறாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லையாம். முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டை அகர வரிசையில் வைத்திருந்தவர். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார். எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கிறது.

"பக்கத்துல இருக்கறதையும் சேத்து விரிக்கவான்னு ஒண்ணு கேட்டுச்சு" என்றார். "எதுக்கு விரிக்கணும், பேரு மட்டும் போதும்னுட்டேன். பிப்ரவரி தெரியாத மிசினு அது."

அதனால் பெயர்கள் மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்க, வயதும் ஊரும் போனும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. குரூப் போட்டோவில் தலைகளை மட்டும் வெட்டி மாற்றி ஒட்டியது போல. அறுபது பேரில் அத்தைக்கும் எனக்கும் அமைந்தது மட்டும் நேருக்கு நேர் பண்டமாற்று. விஷயம் தெரிந்ததும் மாமா, அப்போ வெள்ளிக்கிழமை வந்த போன் அதுதானா என்றார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவள் திண்டுக்கல்லில் இருக்கிறாள், அவளுக்கு இருபத்திமூன்றுதான் என்று மாமா உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இந்த வயசுக்கு மேல வயசைக் குறைச்சுச் சொல்லி என்ன ஆகப்போகுது என்று தபால்காரர் வருத்தப்பட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

நிலக்கோட்டை அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அப்படியென்றால் அந்த இருபத்திமூணு இந்தப் பொண்ணா என்று கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் காலி டம்ளர்களோடு தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன். கலந்துகொண்டு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்துச் சொன்னார்கள். பையனுக்கு அத்தையை நினைத்தாலே சிரிப்பு வருகிறதாம். பெண் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பது மரியாதையாக இருக்காதாம். எனக்கு வருத்தமா என்றால், இரண்டு நாள் இருந்தது. அன்றைக்குக் காபி நன்றாகத்தான் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போனதும் நானும் அண்ணனும் முதல் வேலையாகத் தளத்தில் இருந்த எங்கள் ஆட்களை அழிக்க உட்கார்ந்தோம். அறுபது இருக்கவேண்டிய இடத்தில் அறுபத்தொன்று இருந்தது. அதற்குள் செம்பட்டியிலிருந்து போன். அந்த நேம் என்கிற தம்பியின் தகப்பனாரை உடனே பேசச் சொல்லுங்கள், பதினோரு வீட்டில் கேட்டுவிட்டார்கள் என்றார் மையக்காரர்.

அண்ணன் உச்சியில் சிவப்பு வரியைச் செருகியதால் எல்லா வரியும் ஒன்று கீழே இறங்கியிருக்கிறது. இரண்டாவது வரியிலிருந்து படி என்று நான் சொல்லி வைத்த ஸ்கிரிப்ட், சிவப்பு வரியை விட்டுவிட்டு, தலைப்பு வரியை முதல் மாப்பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று இருவரும் செம்பட்டிக்குப் பஸ் ஏறினோம். மையத்தில் எங்களுக்கு டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, மையக்காரர் பட்டியலை மேஜையில் விரித்து, விரலை வைத்துப் படித்துக் காட்டினார். பெயர், நேம். உயரம், ஹைட். நிறம், கலர். வேலை, ஜாப். குடும்பம், ஃபேமிலி. மதம் என்ற இடத்தில் ரிலிஜன் என்று இருந்ததால் எல்லாப் பிரிவிலும் அவரை அச்சடித்திருந்தார்கள்.

"ஹைட்டுங்குறான், கலருங்குறான், ஜாப்பு இருக்கு, ஃபேமிலி இருக்கு" என்றார். "என்னன்னு வேணாம்னு சொல்லுவாக? பேரு மட்டும் வடக்கத்திப் பேரா இருக்கேன்னு ஒரு வீட்ல கேட்டாக. நாந்தேன் சமாளிச்சேன்."

அப்படி ஒரு ஆள் இல்லை என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அது தலைப்புங்க என்றார். மையக்காரர் அந்த வரியை மறுபடி ஒரு தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு நாங்கள் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இருவது வருஷத்துல ஒரு மாப்பிள்ளைக்கு ஒரே வாரத்துல பதினோரு வீடு வந்ததில்ல" என்றார். அவர் குரலில் இருந்தது நிஜமான துக்கம்.

ஆள் இல்லை என்று பதினோரு வீட்டுக்கும் சொல்ல முடியாது, மையத்தின் பெயர் போய்விடும். யோசித்துவிட்டு, வரன் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். போனை எடுத்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார். எட்டாவது வீட்டில், எந்த ஊர்ப் பெண் என்று கேட்டுவிட்டார்கள். அவர் எங்களைப் பார்த்தார். அண்ணன் பதறிப்போய்த் தன் ஊரான ஒட்டன்சத்திரத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு மற்ற வீடுகளுக்கும் ஒட்டன்சத்திரம் என்றே சொல்லவேண்டியதாயிற்று. கடைசி வீட்டுக்காரர் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினார். அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

சொந்தக்காரர்களிடம் சொல்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தான் செய்ததைத் தானே சொல்லவேண்டும் என்று இரண்டு நாள் போனை வைத்துக்கொண்டு, அகர வரிசையில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். திட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். தனக்கு எத்தனை பேர் கேட்டு வந்தார்கள் என்று விசாரித்தவர்கள் அதிகம். ஐம்பத்திரண்டு வயது சித்தப்பா ஒருவருக்கு யாருமே போன் செய்யவில்லை என்று தெரிந்து, அவர் ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஸ்கிரிப்டை நான் மறுபடி எழுதினேன். வரி எண்ணை நம்பாமல், தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழிருந்து படிக்கும்படி செய்தேன். முகவரி நிஜத் தளமாக இருந்தால் ஓடாமல் நின்றுவிடும்படியும் செய்தேன். ஆட்களைப் பொறுத்தவரை மையக்காரரே ஒரு யோசனை சொன்னார். ஏஏஏ, பிபிபியே இருக்கட்டும் என்றார்.

நாலைந்து மாதம் கழித்து நிலக்கோட்டை இளைஞருக்குக் கல்யாணம். பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கொடைரோட்டுக்கு, அத்தை பெயருக்கு மட்டும் வந்திருந்தது. தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று அத்தை என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். போனோம். மாமாவும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். மேடையில் மாப்பிள்ளை, பக்கத்தில் நின்ற மணப்பெண்ணிடம், மொதல்ல பாக்கப் போனது இவங்களைத்தான் என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் போட்டோக்காரர் இரண்டு தடவை எடுக்கவேண்டியதாயிற்று. மாமா அன்பளிப்பு உறையைக் கொடுத்துவிட்டு, விட்டுக் கொடுத்ததுக்கு நன்றி என்று மாப்பிள்ளையிடம் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தாம்பூலப் பையை மடியில் வைத்திருந்தார். வெயில் இறங்கி, சாலையோரம் திராட்சைப் பந்தல்கள் நீளமாக வந்துகொண்டிருந்தன. முன் சீட்டில் மாமா தூங்கிவிட்டார்.

"ஏத்தா, அந்தப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துட்டியா?" என்று கேட்டார் அத்தை.

அன்றைக்கே எடுத்துவிட்டேன் அத்தை என்றேன்.

அவர் தாம்பூலப் பைக்குள் கையை விட்டு ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார்.

"அதுல இன்னொரு வாரம் இருந்துட்டுப் போயிருக்கலாம்" என்றார்.